படிப்பில் இரண்டும் நல்ல கல்லூரி என்றால் எதில் சேருவது? நீலகிரிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்து, இரண்டு மூன்று தரமான கல்லூரிகளில் இடம் கிடைக்கும் என்ற நிலையில், எதைப் பிடிப்பது எதை விடுவது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். என் மகளுக்குக் குன்னூரில் ஒன்று, கோவையில் ஒன்று, சென்னையில் ஒன்று என மூன்று இடங்கள் கைக்கு எட்டின. மூன்றிலும் படிப்பு நன்றாக இருக்கும் என்று கேட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அதற்கு மேல் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. விடுதியில் மாலைப் பொழுது எப்படிப் போகும், எத்தனை மணிக்குக் கதவைச் சாத்துவார்கள், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவார்கள், வீட்டில் படுகு மொழி பேசி வளர்ந்த பிள்ளை அங்கே யாரோடு ஒட்டும் என்பதையெல்லாம் ஒவ்வொரு கல்லூரி வாசலாக ஏறி இறங்கித்தான் தெரிந்துகொண்டோம்.

படிப்பின் தரம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது, மூன்று வருடமும் எப்படிக் கழியும் என்பதைத் தீர்மானிப்பது அந்த வளாகத்தின் அன்றாட வாழ்க்கைதான். அதைச் சேருவதற்கு முன்பே பார்த்துவிடலாம். பெரிய செலவு ஆகாது. ஆனால் சரியான நாளில் போக வேண்டும், சரியான ஆளிடம் கேட்க வேண்டும், சில தாள்கள் கையில் தயாராக இருக்க வேண்டும்.

1. சான்றிதழ்கள்: ஏப்ரல் முடிவதற்குள்

கல்லூரியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் சொல்கிறேன். தாள் கையில் இல்லாத குடும்பத்துக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இருக்காது. எந்தக் கல்லூரி அவகாசம் கொடுக்கிறதோ அதில் சேர வேண்டியதுதான்.

2025-இல் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பம் மே 7-இல் தொடங்கி மே 27-இல் முடிந்தது. பிளஸ் டூ முடிவு வந்தது மே 8. முடிவு வந்த பிறகு தாலுகா ஆபீஸுக்கு ஓடினால் அந்த மூன்று வாரமும் வரிசையிலேயே போய்விடும். ஆகவே பொதுத்தேர்வு முடிந்த கையோடு இவற்றை எடுத்து வையுங்கள்:

- சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ். மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சேவைக் கட்டணம் 60 ரூபாய். வருமானச் சான்றிதழ் நடப்பு ஆண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும்.
- முதல் பட்டதாரிச் சான்றிதழ். பொறியியல் போன்ற தொழிற்படிப்பில், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேருகிறவர்களுக்குத்தான் இதில் கட்டணச் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இதைக் காட்டிப் பயன் இல்லை.
- ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பள்ளியில் கொடுத்த எமிஸ் எண், பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்கு.
- பிளஸ் டூ தற்காலிக மதிப்பெண் சான்றிதழ். முடிவு வந்த சில நாளில் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். விண்ணப்பிக்க அது போதும்.
- மாற்றுச் சான்றிதழ். வாங்கிய அன்றே ஐந்தாறு நகல் எடுத்து வையுங்கள். அசல் ஒன்றுதான் கிடைக்கும்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும். பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். ஊட்டி, குன்னூர், கூடலூர் என மூன்று கோட்டங்களில் உங்கள் ஊர் எதில் வருகிறது என்று பார்த்து, விசாரணைக்கு வேண்டிய பெற்றோர் சான்றுகளுடன் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

எங்கள் பக்கத்தில் பலர் மாட்டிக்கொள்வது இன்ஷியலில். ஆதாரில் பெயருக்குப் பின்னால் இன்ஷியல், மதிப்பெண் சான்றிதழில் முன்னால், சாதிச் சான்றிதழில் அப்பாவின் முழுப்பெயர் என்று மூன்று விதமாக இருக்கும். கல்லூரிச் சேர்க்கையில் எப்படியாவது ஏற்றுக்கொள்வார்கள். பிறகு உதவித்தொகை விண்ணப்பத்தில் கணினி ஏற்காது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்றபடி மாற்றுங்கள்.

2. படிப்பு உண்மையிலேயே சமம்தானா?

ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை இது. நாக் (NAAC) என்ற தேசிய அமைப்பு தரும் தரமதிப்பீடு கல்லூரி முழுமைக்கும் சேர்த்துக் கொடுப்பது. உங்கள் பிள்ளை சேரப்போகும் துறையைப் பற்றி அதில் ஒன்றும் தெரியாது. துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர், ஆய்வகம் தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பித்த கல்லூரிகள், கொடுத்த தகவல்களைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருக்க வேண்டும். தரவரிசை எண்ணை விட்டுவிட்டு அந்தத் தாளைப் படியுங்கள். ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, வெளிமாநிலத்தவர் எத்தனை, பொருளாதாரத்தில் பின்தங்கியவர்கள் எத்தனை, கட்டணச் சலுகை எத்தனை பேருக்கு, மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை என்று எல்லாம் இருக்கும். வகுப்பில் யாரோடு உட்காரப் போகிறோம் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைக்காது.

ஒரே கல்லூரிக்குள் அரசு உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு இருக்கலாம். பட்டம் ஒன்று, பெயர்ப்பலகை ஒன்று. கட்டணம் பல மடங்கு வேறு. சில இடங்களில் வகுப்பு நேரமும் வேறு: ஒன்று காலையில் தொடங்கி மதியத்தோடு முடியும், மற்றது மதியம் தொடங்கி மாலை வரை போகும். மாலைப் பிரிவில் இருப்பவருக்கு விளையாட்டும் மன்றங்களும் எட்டாமல் போகலாம். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவுக்கு டிக் அடிக்கிறீர்கள் என்று இரண்டு முறை பாருங்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் பகுதி ஒன்றில், அதாவது முதல் மொழிப்பாடமாக, மலையாளம் படித்த பிள்ளைகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கல்லூரியில் பகுதி ஒன்று மொழியாக எதெல்லாம் இருக்கிறது என்று முன்னதாகக் கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு தெரியவந்தால் முதல் பருவம் முழுக்கத் தவிக்க வேண்டியிருக்கும்.

3. எப்படிப்பட்ட சூழல் வேண்டும் என்று பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள்

கல்லூரிப் பெயர்களை மறந்துவிட்டு முதலில் சூழலைப் பேசுங்கள். எங்களுக்குத் தெரிந்த அளவில் நாலு விதம்.

மலையிலேயே இருப்பது. ஊட்டி அரசு கலைக் கல்லூரி, குன்னூர் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி, கேத்தி சி.எஸ்.ஐ. பொறியியல் கல்லூரி, கூடலூர் அரசு கலை அறிவியல் கல்லூரி, ஊட்டி ஜே.எஸ்.எஸ். பார்மசி கல்லூரி, 2022 முதல் வகுப்புகள் நடக்கும் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி. பழனி மலைப் பக்கம் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். வீட்டிலிருந்தே போய்வரலாம், குளிர் பழகியது, வாத்தியாருக்கு அப்பாவைத் தெரிந்திருக்கும். அப்படித் தெரிந்திருப்பதே சில பிள்ளைகளுக்குப் பலம், சிலருக்கு மூச்சுமுட்டல். கூடப் படித்தவர்களோடேயே இன்னும் மூன்று வருடம் என்றால் உங்கள் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அதே மலையில் பார்மசி, மருத்துவம் போன்ற படிப்புகளில் வெளியூர், வெளிமாநிலப் பிள்ளைகள் நிறைய வருவார்கள். மலைக் கல்லூரி என்றாலே ஊர்க் கல்லூரி என்று நினைத்துவிடாதீர்கள்.

நகரத்தின் நடுவில் இருப்பது. சென்னை நுங்கம்பாக்கத்தில் லயோலா, மகளிர் கிறித்தவக் கல்லூரி. கோவையில் அரசு கலைக் கல்லூரி. மதுரை கோரிப்பாளையத்தருகே அமெரிக்கன் கல்லூரி. வாசலைத் தாண்டினால் நூலகம், கருத்தரங்கம், பயிற்சி வேலை, பஸ், ரயில். கூடவே சத்தமும் வெயிலும் கூட்டமும். பாதிப்பேர் வீட்டிலிருந்து வருகிறவர்களாக இருந்தால் வகுப்பு முடிந்ததும் வளாகம் காலியாகிவிடும். விடுதிப் பிள்ளைகள் தனித்துப்போவது இந்த மாதிரி இடங்களில்தான்.

நகரோரத்துப் பெரிய வளாகம். தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரி 365 ஏக்கர், உள்ளே புதர்க்காடும் மான்களும் இருக்கின்றன. விடுதிகளை அங்கே ஹால் என்பார்கள். ஒவ்வொரு ஹாலுக்கும் தனிப் பழக்கவழக்கம், தனி விழா. மலையிலிருந்து போகிற பிள்ளைக்கு மரமும் நடைபாதையும் ஆறுதல். எந்த ஹால் என்பதைப் பொறுத்தே நட்பு அமையும் என்பதால் பேசத் தயங்குகிற பிள்ளை முதல் மாதம் கொஞ்சம் சிரமப்படும், பிறகு விட்டு வர மனமில்லாமல் போகும்.

கிராமப்புறத் தங்கல் கல்வி. திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமம். கிராமத்தில் தங்கிப் பணி செய்வது பாடத்திட்டத்திலேயே உண்டு. எளிமையான வாழ்க்கை. ஹட்டியில் (படுகர் ஊரில்), எஸ்டேட் லயன் வீட்டில் வளர்ந்த பல பிள்ளைகளுக்கு நகரத்தைவிட இது ஒத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். சினிமா, மால், கடைவீதி வேண்டும் என்கிற பிள்ளையை இங்கே அனுப்பாதீர்கள்.

மகளிர் கல்லூரியா இருபாலரும் படிப்பதா என்பதைப் பெற்றோர் முடிவு செய்வதுதான் எங்கள் ஊர் வழக்கம். என் கருத்து, அதையும் பிள்ளையிடம் கேளுங்கள். மகளிர் கல்லூரியில் மன்றத் தலைவர், விளையாட்டு அணித் தலைவர், விழா அமைப்பாளர் எல்லாமே பெண்கள்தான். பேசக் கூச்சப்படும் பெண்ணை அது நிமிர வைக்கிறது. பள்ளியிலேயே அப்படி நிமிர்ந்தவளுக்கு இருபாலர் கல்லூரியின் திறந்த சூழல் பிடிக்கலாம். இதில் எல்லாருக்கும் பொதுவான விடை இல்லை.

4. கல்லூரி நடக்கிற நாளில் போய்ப் பாருங்கள்

பெரும்பாலான குடும்பங்கள் மே மாதம் போகின்றன. மே மாதம் கல்லூரியில் யாரும் இருக்க மாட்டார்கள். தோட்டத்தையும் புது வர்ணம் அடித்த கட்டடத்தையும் சேர்க்கை மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரையும் பார்த்துவிட்டு வருவோம். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

போக வேண்டிய காலம் இரண்டு. ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பு ஜூலை முதல் நவம்பர் வரை, பள்ளிக்கு உள்ளூர் விடுமுறையும் கல்லூரிக்கு வேலை நாளுமாக வரும் ஒரு நாள். நமக்கு இது வசதி: கனமழைக்கு மாவட்ட நிர்வாகம் இங்கே விடுமுறை விட்டிருக்கும், கீழே சமவெளியில் கல்லூரி நடந்துகொண்டிருக்கும். மலைப்பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு மட்டும் இறங்குங்கள். மற்றது, ஜூன் நடுப்பகுதி. இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குக் கல்லூரி அப்போது திறந்துவிடும். முதலாண்டு வகுப்பு அதற்குப் பிறகுதான். 2025-இல் அரசுக் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்பு ஜூன் 30-இல் தொடங்கியது. இந்த இடைவெளியில் போனால் இடமும் கையில் இருக்கும், விடுதியில் ஆளும் இருக்கும், மாறுவதற்கு நேரமும் இருக்கும்.

செவ்வாய் அல்லது புதன் போங்கள். காலை மணி அடிப்பதற்கு அரை மணி முன்பே வாசலில் இருங்கள். பிள்ளைகள் எப்படி வருகிறார்கள், காவலாளி அவர்களிடம் எப்படிப் பேசுகிறார், தாமதமாக வந்தவரை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். காவலாளியின் பேச்சில் அந்தக் கல்லூரி நிர்வாகத்தின் பேச்சு கேட்கும்.

பிறகு அறிவிப்புப் பலகை. போன வருடத்துச் சுற்றறிக்கை இன்னும் தொங்குகிறதா, இந்த வாரத்துத் தமிழ் மன்றக் கூட்டம், என்.எஸ்.எஸ். முகாம், கால்பந்துத் தேர்வு இருக்கின்றனவா? பாலியல் புகார்க் குழுவில் யார் யார் என்று தொலைபேசி எண்ணோடு ஒட்டியிருக்கிறார்களா? ஒட்டவில்லை என்றால் அலுவலகத்தில் கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிறார்களா என்பதே பாதி விடை.

மதியம் கேன்டீனில் சாப்பிடுங்கள். விடுதி உணவகத்தில் விருந்தினராகச் சாப்பிட அனுமதித்தால் இன்னும் நல்லது. யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று பார்க்கத் தவறாதீர்கள். ஊர்வாரியாக, மொழிவாரியாக, சாதிவாரியாகத் தனித்தனி மேஜை என்றால் உங்கள் பிள்ளை எந்த மேஜையில் உட்காரும் என்று யோசிக்க வேண்டும். கலந்து உட்கார்ந்திருந்தால் அந்த வளாகத்தைப் பற்றி எனக்கு வேறு சான்று தேவையில்லை.

கேட்க வேண்டிய ஆள் இரண்டாம் ஆண்டு மாணவர். முதலாண்டுப் பிள்ளைக்கு இன்னும் புரிந்திருக்காது, மூன்றாம் ஆண்டுக்கு எல்லாம் மறந்து பாசம் வந்துவிடும். கல்லூரி ஏற்பாடு செய்த வழிகாட்டி மாணவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். நீலகிரியிலிருந்து வந்த பிள்ளை யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். எந்தப் பெரிய கல்லூரியிலும் ஒருவராவது கிடைப்பார். பெற்றோர் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், பிள்ளையே பேசட்டும். கேட்க வேண்டியவை:

- சனி, ஞாயிறு விடுதியில் என்ன செய்கிறீர்கள்?
- கடைசியாக உடம்பு சரியில்லாமல் போனபோது யார் பார்த்துக்கொண்டார்கள்?
- பாடம் புரியவில்லை என்றால் ஆசிரியரின் அறைக்குப் போய்க் கேட்க முடியுமா? தமிழில் கேட்டால் தமிழில் சொல்வார்களா?
- உங்கள் வகுப்பில் யாராவது பாதியில் போனார்களா, ஏன்?
- நூலகம் மாலை எத்தனை மணி வரை? ஞாயிறு உண்டா?

தன்னாட்சிக் கல்லூரி (பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே நடத்தும் கல்லூரி) என்றால் அகமதிப்பீட்டுக்கு எத்தனை மதிப்பெண் என்றும் கேளுங்கள். அது அதிகமாக இருக்கும் இடத்தில் ஆசிரியர்–மாணவர் உறவு நேரடியாக மதிப்பெண்ணில் வந்து நிற்கும்.

மாலை ஆறு மணிக்கு, கடைசிப் பேருந்து நிறுத்தத்திலிருந்து விடுதி வாசல் வரை பிள்ளையோடு நடந்து பாருங்கள். கீழே என்றால் விளக்கும் கடையும் இருக்கின்றனவா என்று பார்க்க. மேலே என்றால் காட்டுமாடும் கரடியும் எந்த நேரத்தில் எந்தப் பாதையில் வரும் என்று அக்கம்பக்கத்தில் கேட்க.

5. விடுதி விதிகளை எழுத்தில் வாங்குங்கள்

கல்லூரிக் கையேடு தனி, விடுதிக் கையேடு தனி. இரண்டாவதைச் சேரும் முன்பு தர மாட்டோம் என்றால், வார்டனைப் பார்த்துக் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கதவு சாத்தும் நேரம். ஆண்கள் விடுதிக்கும் பெண்கள் விடுதிக்கும் அதில் வித்தியாசம் உண்டா. கைபேசி எந்த நேரத்தில் அனுமதி. ஊருக்குப் போக மாதத்துக்கு எத்தனை முறை விடுவார்கள்.

இந்தக் கடைசிக் கேள்வி நமக்கு மிக முக்கியம். சென்னையிலிருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து மலைப் பேருந்து. ஒரு நாள் விடுமுறைக்கு வந்துபோக முடியாது. வெள்ளி மாலை கிளம்ப அனுமதி இல்லாத விடுதி என்றால் பிள்ளையைப் பருவ விடுமுறையில்தான் பார்ப்பீர்கள். மலைப்பாதையில் மண் சரிந்து வழி அடைபட்டு, திங்கள் காலை போய்ச் சேர முடியாவிட்டால் வருகைப்பதிவில் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வெழுதச் சிக்கல்.

தனியார் விடுதி கட்டுப்படியாகாதவர்கள் அரசின் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதிகளைப் பாருங்கள். 2025 முதல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர். தங்குவதும் சாப்பாடும் இலவசம். கல்லூரிச் சேர்க்கை ரசீதோடு விண்ணப்பிக்க வேண்டும், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். கல்லூரிக்கும் அந்த விடுதிக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

6. கீழேயிருந்து மேலே படிக்க வருகிறவர்களுக்கு

ஏப்ரல், மே மாதம் ஊட்டியையும் கொடைக்கானலையும் பார்த்து மயங்கி முடிவெடுக்காதீர்கள். அப்போது சீசன்: மலர்க் கண்காட்சி, அறை வாடகை உச்சம், சாலையில் நெரிசல். 2024 மே 7 முதல் இரண்டு ஊருக்கும் சொந்த வாகனத்தில் வர இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் வந்தால் வேண்டாம். கலந்தாய்வுக்குக் காரில் வருகிறவர்கள் முந்தின வாரமே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு வராதீர்கள், சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள்.

உங்கள் பிள்ளை வகுப்புக்கு வருவது ஜூன் கடைசியில். தென்மேற்குப் பருவமழை அப்போது கூடலூர், பந்தலூர், ஊட்டியின் மேற்குப் பக்கம் நாள் முழுக்கக் கொட்டும். அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி. துவைத்த துணி நாலு நாள் ஆனாலும் காயாது. விடுதியில் வெந்நீர் எந்த நேரத்துக்கு, துணி உலர்த்த மூடிய இடம் உண்டா, அறைச் சுவரில் ஈரம் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்துமா இருக்கிற பிள்ளைக்கு இவைதான் முதல் கேள்விகள். அருகில் மருத்துவமனை எது என்றும் கேட்டுவையுங்கள்.

வெளியூரிலிருந்து வந்து இங்கே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு அமைதி பிடித்திருந்தது. ஏழு மணிக்கெல்லாம் கடைகள் அடங்கிவிடும் ஊரில் புத்தகமும் நண்பர்களும்தான் துணை.

7. செலவு

விண்ணப்பத்திலிருந்து தொடங்குவோம். அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கட்டணம் 48, பதிவுக் கட்டணம் 2, ஆக 50 ரூபாய். பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கு 2 ரூபாய் மட்டும். பொறியியல் கலந்தாய்வுக்கு 500. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 250. தன்னாட்சி, தனியார் கல்லூரிகளில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், திரும்ப வராது. நாலைந்துக்கு மேல் போடாதீர்கள்.

கல்லூரிக் கட்டணத்தை எல்லாரும் கேட்கிறார்கள். கேட்காமல் விடுவது இவை: விடுதி முன்பணம், உணவகக் கட்டணம் நிலையானதா அல்லது மாதச் செலவைப் பங்கிடுவதா, ஊரில் இருக்கும் நாட்களுக்குக் கழிப்பார்களா, தேர்வுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், வருடத்தில் ஊருக்கு வந்துபோகும் செலவு. இவை எல்லாவற்றையும் கூட்டினால், பார்வைக்கு மலிவான தூரத்துக் கல்லூரி, பக்கத்துக் கல்லூரியைவிட அதிகமாகிவிடுவது உண்டு. வீட்டிலிருந்து போய்வரும் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவசப் பஸ் பாஸ் உண்டு. உங்கள் ஹட்டிக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுத்தான் அந்தக் கணக்கைப் போடுங்கள்.

தேயிலைக் கொழுந்து விற்றுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு ஒரு யோசனை. பனி விழும் மாதங்களில் வரவு இறங்கிவிடும். இரண்டாம் பருவக் கட்டணம் அந்த நேரத்தில்தான் வரும். தவணையில் கட்ட முடியுமா, தாமதத்துக்கு அபராதம் எவ்வளவு என்று சேரும்போதே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல கல்லூரிகள் இதற்கு முகம் சுளிப்பதில்லை.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இந்த ஒதுக்கீட்டில் வருகிற பிள்ளைகள் தூரத்தை நினைத்து நல்ல கல்லூரியை விட்டுவிடாதீர்கள்.

8. பணம் கட்டுவது, திரும்பப் பெறுவது

முதலில் அழைக்கும் கல்லூரி இரண்டு மூன்று நாளில் முழுக் கட்டணத்தையும் கட்டச் சொல்லும். பயந்துபோய்க் கட்டிவிட்டு, அடுத்த இடம் கிடைத்ததும் பணம் போய்விடுமே என்று அங்கேயே பிள்ளையைத் தங்கவைத்த பெற்றோர் எங்கள் ஊரிலேயே நிறையப் பேர்.

யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் அல்லது அதற்கு முன் விலகினால், 5 சதவீதம் வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். அதற்குப் பிறகு கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம், தேதி கடந்து பதினைந்து நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. 2024-25-இல் செப்டம்பர் 30-க்குள் விலகியவர்களுக்கு முழுப் பணத்தையும் தரச் சொல்லித் தனிச் சுற்றறிக்கை வந்தது. நீங்கள் சேரும் ஆண்டின் சுற்றறிக்கையை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். வாய்ப் பேச்சுக்கு மசியாத அலுவலகம் தாளைக் காட்டினால் கேட்கும்.

பணத்தைக் கல்லூரியின் வங்கிக் கணக்கில் மட்டும் கட்டுங்கள். நன்கொடை என்று ரசீது இல்லாமல் கேட்டால் கொடுக்காதீர்கள். விலகும் கடிதத்தைக் கொடுத்ததும் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள், மின்னஞ்சலும் அனுப்புங்கள். பணம் திரும்புவது அந்தத் தேதியைப் பொறுத்தது.

9. சேர்ந்த பிறகு முதல் ஆறு வாரம்

ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியைப் பிள்ளையும் பெற்றோரும் இணையத்தில் பதிய வேண்டும். ஒவ்வொரு வருடமும் பதிய வேண்டும். தேசிய உதவி எண் 1800-180-5522, இரவும் பகலும் எடுப்பார்கள். பிள்ளையின் போனில் முதல் நாளே சேமித்துக் கொடுங்கள்.

அரசுப் பள்ளியிலும், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலும் படித்தவர்களுக்கு, பெண்கள் என்றால் புதுமைப்பெண், ஆண்கள் என்றால் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருந்தால்தான் பணம் ஏறும். பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் வருடத்துக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் பிள்ளை அழுதால் உடனே கிளம்பிப் போகாதீர்கள். வெயில், உப்புத் தண்ணீர், கொசு, கூட்டம் எல்லாம் மலைப் பிள்ளைக்குப் புதிது; உடம்பு பழகினால் பாதி சரியாகிவிடும். ஆனால் நாலாவது வாரத்திலும் சாப்பிட ஒரு துணை இல்லை, வகுப்பில் ஒரு கேள்வி கேட்கவில்லை, ஞாயிறு முழுக்கக் கட்டிலில் படுத்துக் கிடக்கிறது என்றால் அந்த இடம் ஒத்துவரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். துறைத் தலைவரிடமும் வார்டனிடமும் ஒரு முறை நேரில் பேசுங்கள். விடுதி அறையையோ பிரிவையோ மாற்றிக் கொடுத்தாலே சில பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள்.

தேறவில்லை என்றால், பணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் உட்கார்ந்து முடிவெடுங்கள். அரசுக் கல்லூரிகளில் காலியிடங்களுக்கு ஜூலை, ஆகஸ்டிலும் சேர்க்கை நடப்பது உண்டு. கலைக் கல்லூரி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். புதிய இடத்தின் சேர்க்கை ஆணை கையில் வந்த பிறகே பழைய கல்லூரியில் மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுங்கள்.